சொல்லா மழை

காலைக் காப்பியைக் குடித்து, தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு சுடர்க்கொடி ஒலிக்கூண்டுக்குள் நுழைந்தால், கமுதி வட்டாரத்துக்கு மறுநாள் மழை முடிவாகிவிட்டது என்று பொருள். எந்த மேகத்தை எங்கே கரைப்பது என்பதை மழைப்பங்கீட்டு வாரியம் தீர்மானிக்கும். அதை ஊருக்குச் சொல்வது அவள் வேலை.

“கமுதி கிழக்கு, சந்தைத் தெரு முதல் குண்டாற்றங்கரை வரை. நாளை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடம். மிதமான மழை. துணிகளை எடுத்து வைத்துக்கொள்ளவும்.”

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் குழைவாகச் சொல்வாள். வீட்டுச் சுவர்களிலும் கைபேசிகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் அந்தக் குரல் ஒலித்ததும், ஊர் தன் பாட்டுக்குத் தயாராகிவிடும். வற்றல் உள்ளே போகும், கல்யாணப் பந்தல் வேறு தெருவுக்குப் போகும். மழை சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்கு நிற்கும். எதிர்பாராமல் நனைந்தவர் என்று ஊரில் யாருமே இல்லை. குடை என்பது உற்சவத்தில் சாமிக்குப் பிடிப்பது என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஒழுங்கைக் கட்டி மேய்த்த தலைமுறையில் ஒருவர் சேதுமுருகன், சுடர்க்கொடியின் தாய்மாமன். சாயல்குடி முகிலறையில் முப்பத்தெட்டு வருடம் முகிலோட்டியாக இருந்தவர். முகிலோட்டி என்றால் ஏதோ விமானத்தில் ஏறி வானத்தில் பறப்பவர் என்று நினைக்க வேண்டாம். சன்னல் இல்லாத குளிர்ந்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான மின்தும்பிகளைப் பறக்கவிட்டு, அவற்றின் மின்னேற்றத்தால் மேகத்தை இழுத்தும் தள்ளியும் கொண்டுபோகிற வேலை. ஒரு பெரிய மந்தையைத் தார்ச்சாலையில் ஓட்டிப்போவதைப்போலத்தான், கொஞ்சம் அசந்தாலும் பத்துப் பதினைந்து அடுத்தவன் காட்டுக்குள் இறங்கிவிடும். சேது மாமாவின் மேகம் ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை.

அந்த மாமா போன மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

முகிலோட்டிகளுக்கு வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் இறந்து ஒரு மண்டலத்துக்குள், அவர்கள் பேரில் ஒரு மழை பெய்யும். பத்தே நிமிடம், ஒரே இடம். அதற்கு அறிவிப்பு கிடையாது. அதனால் அதற்குச் சொல்லா மழை என்று பேர். இடத்தையும் நாளையும் குறிக்க உறவில் ஒருவரை முகிலோட்டியே உயிரோடு இருக்கும்போது நியமித்துவைத்திருப்பார். குறிப்பவர் காதும் காதும் வைத்தாற்போல முகிலறையிடம் மட்டும் சொல்ல வேண்டும். வாய் தவறி வெளியே வந்தால் மழை ரத்து. முன்னொரு காலத்தில் ஒரு சொல்லா மழை முன்கூட்டியே தெரிந்துபோய், நாலு மாவட்டத்து ஜனம் ஒரே சந்தில் வந்து நெருக்கி, அதில் பலர் மிதிபட்டார்கள். அதிலிருந்து இந்த விதி.

சேது மாமா குறித்துவைத்திருந்தது மகனை அல்ல, சுடர்க்கொடியை. ஊருக்கெல்லாம் மழையைச் சொல்கிற வாயிடம் போய், இதை மட்டும் சொல்லாதே என்று விட்டுப்போயிருக்கிறார். வேண்டுமென்றே செய்த குறும்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

செய்தி தெரிந்ததும் மாமா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் துக்கத்தைச் சொன்ன கையோடு இடத்தையும் சொல்ல ஆரம்பித்தார்கள். மகன் இளம்பருதி கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், குலசாமி கோயில் வாசலில் பெய்தால் அப்பாவுக்குக் கௌரவம் என்றான். “நான் சொல்லல, சும்மா பேச்சுக்குச் சொல்றேன்” என்று மூன்று தடவை சொன்னான்.

இஸ்மாயில்கனி வேறு ஒன்று சொன்னார். மாமாவின் பந்தயப்புறாக் கூட்டாளி அவர். மொட்டைமாடியில் மாமா வளர்த்த புறாக்களுக்கு அவர்தான் இப்போது வந்து தீனி போடுகிறார்.

“எங்கிட்டு வேணாலும் பேயட்டும் தாயி, புறா பறக்குற நேரத்துல மட்டும் வேணாம். உங்க மாமனுக்குக் கட்டுன பொண்டாட்டியவிட அந்த வெள்ளப்புறா மேலதான் உசுரு. ஒருக்கா அது ராமேஸ்வரத்துலருந்து திரும்பி வரலேன்னு ரெண்டு நாளு சோறு திங்கல. மூணா நாளு அது சாவகாசமா வந்து எறங்குது, இவன் அதுகிட்ட ‘ஏன் லேட்டு’ன்னு கேக்குறான். வானத்துல ஒரு மேகம் வழி தப்ப விடமாட்டான், வூட்டுல ஒரு புறாவ அடக்கத் தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

முகிலறையின் இப்போதைய தலைவர் லூர்துராஜ். மாமாவிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். அவர் வந்தபோது சுடர்க்கொடி வாசல்வரை வழியனுப்பப் போனாள். வண்டியில் ஏறாமல் நின்று, அவள் கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

“வெறும் வருசம்னு ஒண்ணு வந்துச்சே, நீ சின்னப் பிள்ளை அப்ப. கடல்லருந்து மொத்தமே ரெண்டு மூணு மேகந்தான் தேறுச்சு. எல்லாம் குடிதண்ணி ஊருணிகளுக்குன்னு வாரியம் உத்தரவு. அன்னைக்கு ஒரு மேகத்த அண்ணன் முதுகுளத்தூர் பக்கமா ஓட்டிட்டுப் போறாரு. அப்ப உங்க அத்த போன் போட்டுச்சு. அவுக அப்பாவோட மொளகா வயலு அந்த வழியிலதான் இருக்கு. ‘ஒரே ஒரு தரம், போற வழிதானே’ன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துல இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. அண்ணன் ‘முடியாது ஜோதி’ன்னாரு. அவ்வளவுதான்.”

“தெரியும் சார். அத்தையோட அப்பா அதுக்கப்புறம் இந்த வீட்டுல கை நனைக்கல.”

“இது தெரியாது உனக்கு. வயலுக்கு மேல வந்ததும் மேகத்த நிறுத்துனாரு. மழ இல்ல, சும்மா நிறுத்துனாரு. கடும் வெயிலு அது. மத்தியானச் சோத்து நேரம் முழுக்க மேகம் அங்கதான் நின்னுச்சு. ‘அண்ணே, உத்தரவு’ன்னேன். ‘பெய்யக் கூடாதுன்னுதான் உத்தரவு, நெழல் குடுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு’ன்னாரு. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல.”

அந்தக் கதை அவள் மனதில் தங்கிவிட்டது. ஒலிக்கூண்டில் நின்றாலும், மாலையில் பேருந்துக்குக் காத்து நின்றாலும், ஒரு வறண்ட மிளகாய் வயலும் அதன்மேல் கப்பல்போல நங்கூரமிட்ட ஒரு மேகமும் கண்ணுக்குள் வந்துவந்து போயின. இடம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அத்தை நாகஜோதி கேட்டுக் கிடைக்காத மழை, இத்தனை காலம் கழித்தாவது அந்த மண்ணில் விழட்டும். அத்தையை ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே கூட்டிப்போய்விடலாம். லூர்துராஜிடம் இடத்தைச் சொன்னாள். வியாழக்கிழமை மதியம் என்று முடிவானது.

அத்தைக்கு இது எதிலும் நாட்டமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். அறிவித்த மழை அந்தத் தெருவுக்கு வந்த நாளில் கொடியில் கிடந்த சேலை அப்படியே நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறிப்போய்க் கூப்பிட்டும் அவள் மாடிக்குப் போகவில்லை. அந்தத் தெருவில் துணி நனைந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அதைப் பெரிய சங்கதியாகப் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மாலை சுடர்க்கொடி போனபோது, அத்தை கட்டிலில் மாமாவின் சட்டைகளைக் குவித்துப் போட்டிருந்தாள். துவைத்துக் காயவைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி வெளிர்நீலம். முகிலறையில் திரை வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க அந்த நிறம்தான் நல்லது என்று ஆரம்பித்து, ஓய்வு பெற்ற பிறகும் மாமா வேறு நிறம் வாங்கவே இல்லை.

“நாளைக்கு ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவோமா அத்த?” என்றாள் சுடர்க்கொடி, ஒரு சட்டையை மடித்துக்கொண்டே. “உங்க ஊருப் பக்கம்.”

“எங்க ஊர்ல என்ன இருக்கு? வயலெல்லாம் சூரியத் தகடா நிக்கிது. போனா, நம்ம மூஞ்சி அதுல தெரியும். அத இங்கன கண்ணாடியிலயே பாத்துக்கலாம்.”

அத்தை அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப் பொத்தான்களைச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

“லூர்து கதை சொன்னானா?”

“ம்.”

“நெழல் குடுத்த கதையும் சொல்லியிருப்பான். எங்க அப்பா மழ குடுக்காததக் கூட மன்னிச்சிருப்பாக தாயி. அது சட்டம், புரியும். அந்த நெழலத்தான் மன்னிக்கல. தாகத்துக்குத் தண்ணி கேட்டா விசிறி வீசுறான்னு கத்துனாக.” அத்தை கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “நானும் அன்னைக்கு அங்கதான் நின்னேன். வயல்ல நின்னுதான் போன் போட்டேன். கால்ல செருப்புக்கூட இல்ல, மண்ணு கொதிக்குது. அந்த நெழலு வந்து மேல விழுந்துச்சு பாரு. நல்லாத்தான் இருந்துச்சு சுடரு. சில்லுனு. அவுக கைய வச்ச மாதிரி இருந்துச்சு. அப்பா அங்கிட்டு வஞ்சுக்கிட்டு நிக்கிறாக, நான் எப்பிடி நல்லாருக்குன்னு சொல்ல? வீட்டுக்கு வந்தும் சொல்லல. அப்பிடியே வருசம் ஓடிப்போச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல அத்த.”

“எப்பச் சொல்ல? மழ நேரமெல்லாம் அவுக முகிலறையில. ரிடையராகி வீட்டோட இருந்தப்பவாச்சும் சும்மா இருந்தாகளா? மழ பேஞ்சா சன்னல்கிட்ட ஒக்காந்து, போனக் காதுல வச்சுக்கிட்டு, ‘டேய் கெழக்க இழுடா, ஓரம் பிசிறுதுடா’ன்னு அந்தப் பயலுகளத் திட்டிக்கிட்டு. கல்யாணம் கட்டி நாப்பத்தஞ்சு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு மழயில நின்னதில்ல. ஊருக்கே மழ ஓட்டுன மனுசன், தலையில ஒரு சொட்டு வாங்காமப் போயிட்டாரு.”

அவள் சிரித்தாள். பிறகு தன் பிள்ளைப்பிராயத்தைப் பற்றிச் சொன்னாள். வாரியம் வருவதற்கு முந்தின காலம். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று மேற்கே கறுத்து, ஒரு காற்று அடித்து, படபடவென்று விழும். உடனே தெருவே கத்தும். மழ, மழ, துணிய எடு, வத்தல எடு, பிள்ளையத் தூக்கு. அம்மாவும் சித்திமார்களும் மாடிக்கு ஓடுவார்கள். பாதித் துணி நனைந்துபோகும். அதற்காக ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

“இப்பச் சிரிக்க என்ன இருக்கு? நீதான் மொத நாளே சொல்லிப்புடுறியே. மழ உள்ள நாளு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மாமாவே மாடிக்குப் போயி எல்லாத் துணியயும் எடுத்து வந்து கட்டுல்ல குமிச்சிட்டுப் போவாக. காயாத துணியக்கூட. நான் வைவேன். ஒரு நாளாச்சும் மறந்திருக்கலாம் அந்த மனுசன். நானும் அவுகளும் ஓடிப்போயி எடுத்திருப்போம்.”

வெளியே வந்து தெருமுனையில் நின்று சுடர்க்கொடி முகிலறைக்குப் பேசினாள். அந்தி வெளிச்சத்தில் தெரு முழுக்க மஞ்சளாக, கனவில் பார்க்கிற தெருவைப்போல மெத்தென்று இருந்தது.

“இடத்த மாத்தணும் சார்.”

“இப்பவா? மேகத்தக் கடல்லருந்து கெளப்பிட்டோமே. தும்பிக கரையத் தொடுற வரைக்குந்தான் மாத்தலாம்னு விதி. எங்க வேணும்?”

“மாமா வீட்டு மொட்டைமாடி.”

“அங்கயா! வயலு?”

“வயலுக்குப் போற வழிதானே சார்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் கைபேசியைப் பார்த்தாள்.

“சரிம்மா” என்றார் லூர்துராஜ். “தும்பிக இன்னும் தண்ணிக்கு மேலதான் இருக்கு. மாத்திக்கலாம். நானே ஓட்டுறேன்.”

மறுநாள் மதியம் அவள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். அத்தை மாடியில் இருந்தாள். வாளியில் பிழிந்த சட்டைகள். வானம் கழுவிவிட்டதுபோல நீலமாகக் கிடந்தது, வெயில் தளத்தில் பளீரென்று அடித்தது. இஸ்மாயில்கனி காலையிலேயே திறந்துவிட்டுப் போன புறாக்கள் உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

அத்தை சட்டையை உதறி, கொடியில் போட்டு, துணிக்கவ்வி மாட்டினாள். ஒன்று, அப்புறம் இன்னொன்று. சுடர்க்கொடிக்கு நாக்கு நுனியில் அந்த வரி வந்து நின்றது. பதினாறு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் சொன்ன வரி. மழை வரப்போகிறது என்று தெரிந்தும் ஒருத்தி துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவதுபோல இருந்தது. சொன்னால் மழை இல்லை. வாளியைத் தூக்கிக் கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் யோசிக்காத ஒன்று நடந்தது. புறாக்கள் இறங்கின. மாலைவரை பறக்க வேண்டியவை, வட்டத்தைக் குறுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போய் ஒடுங்கின. வெள்ளைப்புறா மட்டும் கூட்டு வாசலில் நின்று தெற்கே பார்த்தது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

சுடர்க்கொடியின் முகத்தில் ஈயாடவில்லை. புறாக்காரன் பெண்டாட்டிக்குப் புறாவின் பாஷை தெரியாதா? ஊருக்குத் தெரியாமல் மறைக்கலாம், தன் குரலை அடக்கலாம், இவற்றின் வாயை எப்படி மூடுவது?

அத்தை கூட்டைப் பார்த்தாள். தெற்கே பார்த்தாள். அங்கே வீடுகளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் விளிம்பு மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு சுடர்க்கொடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சுடர்க்கொடி கொடியில் இருந்த ஒரு கவ்வியை எடுத்து மறுபடி அதே இடத்தில் மாட்டினாள்.

அத்தை கொடிப் பக்கம் திரும்பினாள். குனிந்து வாளியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்து, நன்றாக உதறி, கொடியில் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். வாளி காலியாகும்வரை, அவசரமே இல்லாமல், சுருக்கம் இழுத்து விட்டு, தோளுக்குத் தோள் சேர்த்து மாட்டினாள். கொடி முழுக்க வெளிர்நீலச் சட்டைகள் வரிசையாகக் கைவீசிக்கொண்டிருந்தன.

முதலில் நிழல் வந்தது. தெருக்கோடியில் ஏறி, ஒவ்வொரு மாடியாகத் தாண்டி, தளத்தின் ஓரத்தைத் தொட்டு, அத்தையின் காலடிக்கு வந்து நின்றது. நிழல் அங்கேயே நின்றது, மழை இறங்கவில்லை. லூர்துராஜ் மேகத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று சுடர்க்கொடிக்குப் புரிந்தது. தளத்தின் சூடு மெல்ல அடங்கியது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லாருக்கு” என்றாள். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற குரல்தான் அது. “நல்லாருக்குங்க.”

அதன் பிறகு பெய்தது. முதல் சொட்டு ஒரு சட்டைத் தோளில் விழுந்து கருநீலமாகப் படர்ந்தது. அடுத்த கணம் மொத்தமாக இறங்கியது. கீழே தெருவில் ஒரு அலறல். கைபேசிகளைத் தட்டிப் பார்க்கிறார்கள், அறிவிப்பு எங்கே என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். காய்கறி வண்டிக்காரர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அதே இடத்தில் சுற்றினார். பிள்ளைகள் வாசற்படியில் நின்று கையை மட்டும் நீட்டிப் பார்த்தன. எதிர்வீட்டுக்காரி மாடிக்கு ஓடிவந்து, தன் சேலைகளைச் சுருட்டிக்கொண்டே கத்தினாள், “மழ! மழடீ!” கத்தியவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று சுடர்க்கொடிக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். நாகஜோதி நனைந்த முடி முகத்தில் ஒட்ட, கொடியை நோக்கி ஓடினாள். ஒரு சட்டையைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மாடிப்படி வாசலைத் திரும்பிப் பார்த்து, முழுக்குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

“ஏங்க! மழ வந்துருச்சுங்க! ஓடியாங்க, துணி!”

படியில் யாரும் வரவில்லை. மழைதான் இரைந்துகொண்டிருந்தது. அத்தை அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துச் சுடர்க்கொடி ஓடிப்போய்ப் பிடித்தாள். அவள் அழுதுகொண்டும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். மாமா இறந்து இத்தனை நாளில் அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

சுடர்க்கொடி மிச்சச் சட்டைகளை எடுக்கக் கை நீட்டினாள்.

“இருக்கட்டும்” என்றாள் அத்தை. “அவுகளும் நனையட்டும்.”

தோளில் கிடந்த சட்டையையும் எடுத்து, மறுபடி கொடியில் போட்டாள். இரண்டு பேரும் அந்தச் சட்டைகளுக்குப் பக்கத்தில், மழை நிற்கும்வரை நின்றார்கள்.